தண்ணீர் போன வழி

"மறுபடியும் காலி!"

அண்ணி சமையலறையிலிருந்து போட்ட சத்தம் கூடத்தைக் கடந்து, மாடிப்படி ஏறி, மேல் அறையில் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த சின்னவளின் காதில் வந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு பாத்திரம் மேடையில் 'ணங்' என்று வைக்கப்பட்டது. வைக்கப்பட்டது என்று மரியாதைக்குச் சொல்லலாம்.

சின்னவள் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. குடி, அடி உதை என்று சொல்லி அழ அவளிடம் ஒன்றும் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. வீட்டுக்காரர் குரலை உயர்த்தியே பேசாதவர். அப்படிப்பட்டவர், பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்ப இருந்த வாரத்தில், அவள் லென்ஸ் தீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக்கடைக்குப் போன் போட்டு, "அவ இனிமே வரமாட்டா" என்று சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் சொன்னாராம். சொல்லிவிட்டேன் என்பதை அவளிடம் சொன்னதும் அதே மெதுவான குரலில்தான். அன்று சாயங்காலமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தவள், இன்னும் திரும்பவில்லை.

வந்த இடத்தில் இன்னொரு வம்பு முளைத்தது. சாயங்காலம் மோட்டார் போட்டு, தரைக்கடியிலுள்ள சம்ப் தொட்டியிலிருந்து நிரப்புகிற மாடி டேங்க், விடிந்தால் காலி. காலையில் மோட்டார் போட்டால் உறுமுமே தவிர தண்ணீர் ஏறாது. அண்ணன்தான் படிக்கடியில் குந்தி, மோட்டாரின் மேல்மூடியைத் திருகி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றி அதைக் கெஞ்சிக் கூத்தாடி ஓட வைப்பான். வீட்டில் அவனுக்குப் பெரியவன் என்று பெயர். ஆபீசுக்குக் கிளம்பிய சட்டையோடு அவன் அங்கே குந்துகிற கோலத்தைப் பார்த்தால் அவளுக்கே பாவமாக இருக்கும்.

அண்ணி அவளை நேரடியாக ஒன்றும் சொன்னதில்லை. "முன்னெல்லாம் ஒரு தடவை மோட்டார் போட்டா ரெண்டு நாளைக்கு வரும்" என்பாள். "கைக்குழந்தை இருந்தா துணி விழத்தானே செய்யும்" என்பாள். சுவரைப் பார்த்துத்தான் சொல்வாள். சுவருக்கு என்ன, கேட்டுக்கொள்ளும். சின்னவளுக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

இன்றைக்கு அவளுடைய வீட்டுக்காரர், கூடவே குடியிருக்கும் தன் அக்காவோடு வருகிறார். பேசி, சமாதானம் பண்ணி, அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தது பெரியவன்.

சின்னவள் குழந்தையை இடுப்பில் இருத்திக்கொண்டு கீழே இறங்கினாள்.

"காலியாத்தான் இருக்கும் அண்ணி. விடிஞ்சதும் நானே போய்ப் பார்த்தேன். அடியில ஒரு சாண் கூட இல்ல."

"அப்ப நான் சொன்னது சரிதானே?" அண்ணி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். "எங்கதான் போகுதோ, என்னதான் துவைக்கிறோமோ."

"யாரும் எதுவும் துவைக்கல. நேத்து சாயங்காலம் டேங்க் நிரம்பினதும், வீட்டுக்குத் தண்ணி இறங்குற வால்வை நான் மூடிட்டேன்."

அண்ணியின் கை நின்றது. "மூடிட்டியா? யாரைக் கேட்டு?"

"பக்கெட், அண்டா எல்லாத்தையும் நிரப்பி வெச்சுட்டுத்தான் மூடினேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுல எந்தக் குழாயிலயும் ஒரு சொட்டு விழல. அப்படியும் டேங்க் காலி. இப்ப சொல்லுங்க, குடிச்சது நானா, என் பொண்ணா?"

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்து வந்தார். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை கூடுதலாகவும் பேசவில்லை, குறைவாகவும் பேசவில்லை. குழந்தையை மட்டும் கையிலிருந்து இறக்குவதில்லை.

"டேங்க் ஓட்டையா இருக்குமோ?" என்றார்.

"மாடித் தரை காய்ஞ்சு கிடக்குப்பா. ஓட்டைன்னா ஈரமாவது இருக்கணுமே."

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பெரியவன் அறையிலிருந்து வெளிப்பட்டான். "இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாங்க. தண்ணி விவகாரத்தை நாளைக்குப் பார்த்துக்கலாம். நீ போய் நல்லதா ஒண்ணு உடுத்திக்கிட்டு வந்து உக்காரு."

"இன்னிக்குத்தான் பார்க்கணும். நாளைக்கு நான் கிளம்பிப் போயிட்டேன்னு வெச்சுக்கோ, தண்ணியைக் காலி பண்ணினவங்கிற பேரோடயா போறது?"

"யாரு உன்னைச் சொன்னாங்க?"

"சுவர்" என்றாள் சின்னவள். குழந்தையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிய டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மொட்டை மாடியில் வெயில் ஏறியிருந்தது. சிமெண்ட் மேடைமேல் கறுப்பு டேங்க் ஒன்றும் தெரியாததுபோல் நின்றது. ஏணியைச் சாய்த்து ஏறி, மூடியைத் திருகித் தூக்கினாள். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான பாசி நெடி முகத்தில் அடித்தது.

டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கீழேயிருந்து மோட்டார் தண்ணீர் வருகிற குழாய், டேங்கின் கழுத்தருகே உள்ளே நுழைகிறது. அத்தோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அங்கே ஒரு முழங்கை வளைவு மாட்டி, அதிலிருந்து ஒரு நீளக் குழாய் டேங்கின் அடிவரைக்கும் இறங்கியிருந்தது. மிச்சமிருந்த தண்ணீர், வெட்டி வைத்ததுபோல், சரியாக அந்தக் குழாயின் வாய்மட்டத்தில் நின்றது.

வால்வை மூடியும் தண்ணீர் போயிருக்கிறது. போன தண்ணீர் இந்த வாய் இருக்கிற இடத்தோடு நின்றிருக்கிறது. அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். பிறகு கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! டேங்குக்குள்ள அடிவரைக்கும் ஒரு குழாய் போகுதே, அது எதுக்கு?"

முற்றத்தில் குழந்தையோடு நடந்துகொண்டிருந்த அப்பா அண்ணாந்தார். "மாப்பிள்ளை மாட்டச் சொன்னதும்மா. குழந்தை பிறந்தப்ப நீ ஆஸ்பத்திரியில இருந்தியே, அப்ப அவர் இங்க மேல் ரூம்லதான் தங்கினார். காலையில தண்ணி விழுற சத்தத்துல தூக்கம் கெடுதுன்னு ஆளைக் கூட்டிட்டு வந்து மாட்டினார். குழாய் தண்ணிக்குள்ளயே முங்கி இருந்தா சத்தம் வராதில்ல."

"மேல முங்கின குழாய், கீழ சம்ப் வரைக்கும் போகுது. மோட்டார் நின்னதும் என்னப்பா ஆகும்?"

அப்பா நின்றுவிட்டார். குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். அவர் முகத்தில் ஒரு பழைய நெடுஞ்சாலை விரிந்தது.

"அடடா! லாரி டேங்க்ல ட்யூபை விட்டு, வாயால ஒரு இழுப்பு இழுத்துட்டுக் கீழ விட்டா டீசல் தானா இறங்குமே... அதுவா?"

"அதேதான்ப்பா! பூரா ராத்திரியும் மேல இருக்கிற தண்ணி வந்த வழியே சம்புக்குத் திரும்பிப் போகுது. குழாய் வாய் வெளிய தெரியிற வரைக்கும் போகும். அப்புறம் காத்து புகுந்துடும். அதனாலதான் காலையில மோட்டார் வெத்தா உறுமுது."

"அப்ப குழாய் மாட்டினப்பவே ஏன் போகல?"

"சம்புல, உறிஞ்சுற குழாயோட அடியில ஒரு ஃபுட் வால்வு இருக்குமே. ஏறின தண்ணியைத் திரும்ப விடாது. அப்ப அது நல்லா இருந்திருக்கும். இப்ப மண்ணு அடைச்சிருக்கும், இல்ல தேஞ்சிருக்கும். நான் வந்த நேரமும் அது கெட்ட நேரமும் ஒண்ணாப் போச்சு."

சமையலறை ஜன்னலில் அண்ணியின் முகம் தெரிந்தது. கேட்டுக்கொண்டாள்.

அதே நேரம் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க வாங்க!" பெரியவனின் குரலில் தேன் வழிந்தது. அடுத்த நிமிஷம் அதே குரல் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறியது. "இறங்கி வா. வந்துட்டாங்க."

சின்னவள் அதற்குள் மாடி அறையிலிருந்த சாமான் பெட்டியைக் குடைந்து குழாய் அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்திருந்தாள். கை முழுக்கத் துரு. முழங்கை வரை ஈரம்.

"வேலை பாதியில இருக்கு. பேசணும்னா இங்க வரச் சொல்லு."

"விளையாடுறியா? அவங்களை மொட்டை மாடிக்கா கூப்பிடுறது?"

"அவர் மாட்டின குழாயை அவரும் பார்க்கட்டுமே."

பெரியவன் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக இறங்கிப் போனான். சற்று நேரத்தில் படியில் காலடிகள் கேட்டன. முதலில் வீட்டுக்காரர். சலவை மடிப்புக் கலையாத உடை, வெயிலுக்குச் சுருங்கிய கண். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நாத்தனார். கடைசியில் பெரியவன், கையில் தூக்க முடியாமல் இரண்டு நாற்காலி.

"கீழ வா. உக்காந்து பேசலாம்" என்றார் வீட்டுக்காரர். எப்போதும் போல் இறகு விழுகிற குரல்.

"இங்கயே பேசுங்க. கேட்குது." ஏணிமேல் நின்று, டேங்கின் வாய்க்குள் கையை விட்டு, குழாயின் முழங்கை வளைவுக்குக் கீழே பிளேடை வைத்தாள்.

நாத்தனார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மனப்பாடம் செய்து வந்ததுபோல் ஆரம்பித்தாள். "இதோ பாரும்மா, குடும்பம்னா முன்னப் பின்ன இருக்கத்தான் செய்யும். தம்பி உன்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசியிருப்பானா? பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு நீ அலையக் கூடாதுன்னுதானே அவன்..."

கிரீச், கிரீச் என்று பிளேடு ஓடியது. நாத்தனார் நிறுத்தினாள். பிளேடும் நின்றது. அவள் தொடர்ந்தாள். பிளேடும் தொடர்ந்தது.

"என்ன பண்றே நீ?" வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். "அது நான் ஆள் வெச்சு மாட்டின குழாய்."

"தெரியும். நீங்க தூங்கணும்னு மாட்டினது. இந்த வழியாத்தான் வீட்டுத் தண்ணி பூரா திரும்பிப் போயிட்டிருக்கு. ரெண்டு மாசமா அந்தப் பழியை நான் சுமந்துக்கிட்டு இருக்கேன்."

"அப்படி ஆகும்னு எனக்கென்ன தெரியும்?"

"தெரிஞ்சிருக்காதுதான். தப்பில்ல. இந்த வீட்டுல ஒருத்தரையாவது கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம். என் கடைக்குப் போன் பண்ணினப்பவும் அதுதான். என் வேலை. என்னைக் கேட்டிருக்கலாம்."

"ஆமா, நீ மட்டும் எல்லாரையும் கேட்டுட்டுத்தான் செய்யிறியோ?" பெரியவன் இடையில் புகுந்தான். "நேத்து வால்வை மூடினியே, உங்க அண்ணியைக் கேட்டியா?"

சரியான அடி. சின்னவளின் கை பிளேடிலேயே நின்றது. வீட்டுக்காரரின் உதட்டோரம் லேசாக மலர்ந்ததை அவள் பார்த்தாள். ஏணியிலிருந்து இறங்கி, கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தலையை நீட்டினாள்.

"அண்ணி! நேத்து உங்களைக் கேட்காம வால்வை மூடினது என் தப்பு. காலையில அடுப்பங்கரையில நீங்கதான் திண்டாடினீங்க. மனசுல வெச்சுக்காதீங்க!"

தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"சரி சரி!" என்று அண்ணியின் குரல் வந்தது. அதில் சிரிப்பா கோபமா என்று பிரிக்க முடியவில்லை. "குழாயை வெட்டியாச்சான்னு சொல்லு. இங்க வேலை கிடக்கு!"

சின்னவள் திரும்பி வந்து ஏணியில் ஏறினாள். "பார்த்தீங்களா? அவ்வளவுதான். நாக்கு ஒண்ணும் தேய்ஞ்சு போகல. இதே மாதிரி நீங்களும் என் முதலாளியம்மாவுக்குப் போன் பண்ணுங்க. 'அவளைக் கேட்காம நானா சொல்லிட்டேன், தப்புதான்'னு சொல்லுங்க. இப்பவே, எல்லாரும் கேட்கிற மாதிரி. சொன்னீங்கன்னா அடுத்த பேச்சை நான் கீழ வந்து, உக்காந்து கேட்கிறேன்."

வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்த போனைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அவங்க உடனே வேற ஆள் போட்டுட்டாங்கன்னு அன்னிக்கே சொன்னேனே. முடிஞ்சு போனதைக் கிளறி என்ன ஆகப் போகுது? நாலு பேர் முன்னால என்னைத் தலை குனிய வைக்கணும், அதானே உனக்கு?"

"தலை குனியச் சொல்லல. போன் பண்ணச் சொன்னேன்."

"அதெல்லாம் சரி வராது."

"அப்ப நானும் வரல."

"ஏய்!" என்றான் பெரியவன்.

கடைசி இழுப்பில் குழாய் அறுந்து டேங்கின் அடியில் விழுந்தது. சின்னவள் அதை எட்டிப் பிடித்து உருவி, மாடித் தரையில் போட்டாள். பச்சைப் பாசி படிந்த நீளக் குழாய் நாத்தனாரின் காலடிவரை உருண்டு நின்றது.

"வெட்டியாச்சு அண்ணி!"

படிக்கடியில் மோட்டாரின் மூடி திருகப்படும் சத்தம். சொம்பால் தண்ணீர் ஊற்றும் சத்தம். பெரியவனைத் தவிர யாரும் தொட்டிராத அந்த மோட்டாரை, அண்ணி தானே உயிர்ப்பித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை வெறுமனே உறுமியது. மூன்றாவது முறை உறுமல் கனத்தது. சுவரோடு ஏறிய குழாய் லேசாக நடுங்கியது.

அடுத்து, காலி டேங்குக்குள் கழுத்து உயரத்திலிருந்து தண்ணீர் விழுந்தது. விழுந்தது என்றால், பறையை யாரோ கையால் அறைவதுபோல் விழுந்தது. மாடி அதிர்ந்தது. பக்கத்துச் சுவரிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன.

வீட்டுக்காரர் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன?" என்றாள் சின்னவள்.

அவர் மறுபடியும் சொன்னார். அந்த இறகுக் குரலைத் தண்ணீர் முழுங்கிவிட்டது.

"கேட்கலை! சத்தமாச் சொல்லுங்க!"

"நிறுத்தச் சொல்லுடி அதை!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார் அவர். "நான் பேசிட்டிருக்கேன்ல? நான் பேசுறப்ப எதுக்குடி சத்தம்? என் வீட்டுல ஒரு ஸ்பூன் கீழ விழுமா? குழந்தையை அழ விடுவேனா நான்?"

சொல்லி முடித்தபின்தான் தன் குரல் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் வெளிறியது. நாத்தனார் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குரல் அவளுக்குப் புதிது இல்லை என்று அந்தக் குனிவிலேயே தெரிந்தது.

பெரியவனின் கையிலிருந்த இரண்டாவது நாற்காலி இன்னும் தரையில் வைக்கப்படவில்லை. இந்த மாப்பிள்ளையைத்தான் அவன் ஆபீசிலும் தெருவிலும், "அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு மாதமாகத் தங்கையிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

கீழே குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது. அப்பா அதைச் சமாதானம் செய்யும் குரல் கேட்டது. "அழும்மா, நல்லா அழு. யாரு உன்னை வேண்டாம்னது? உன் தாத்தா வீடு இது."

சின்னவளின் கண் கலங்கியது. துருக்கையால் துடைத்து, கன்னத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டாள். ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்காரர் எதிரே வந்து நின்றாள்.

"இப்பதான் உங்க குரலை எங்க அண்ணன் கேட்டிருக்கான். நன்றி. கிளம்புங்க."

அவர் பெரியவனைப் பார்த்தார். வழக்கமாக அங்கேயிருந்து ஒரு ஆதரவு வரும். பெரியவன் நாற்காலியைக் கீழே வைத்து, தொண்டையைச் செருமினான்.

"இன்னொரு நாள் பேசலாம் மாப்பிள்ளை" என்றான். "அவளா கூப்பிடட்டும். அப்ப வாங்க."

வீட்டுக்காரர் விறுவிறு என்று இறங்கினார். பெரியவன் வழியனுப்ப அவர் பின்னால் போனான். நாத்தனார் மட்டும் எழுந்து இரண்டு எட்டு வைத்தவள், படியருகே நின்று திரும்பி வந்தாள். தண்ணீர்ச் சத்தத்தை மறைப்பாக வைத்துக்கொண்டு, சின்னவளின் காதருகே குனிந்தாள்.

"நான் பேசினதெல்லாம் அவன் சொல்லிக் கொடுத்ததும்மா. மனசுல வெச்சுக்காதே."

"தெரியுதுக்கா."

"ஒண்ணு சொல்லணும். உன் முதலாளியம்மா அடுத்த நாளே வீட்டுக்குப் போன் பண்ணாங்க. உன்கிட்டதான் பேசுவேன்னு ஒத்தக் காலுல நின்னாங்க. போனை எடுத்தவ நான்தான்."

சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். "வேற ஆள் போட்டுட்டாங்கன்னு..."

"அவன் சொன்னான். அவங்க சொல்லல. அவங்க என்கிட்ட சொன்னது..."

"அக்கா!" வாசலிலிருந்து குரல் வந்தது. இரண்டாவது தடவையாக, அடக்கம் இல்லாத குரல். நாத்தனாரின் உடம்பு தானாகத் தூக்கிப் போட்டது. சின்னவளின் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, படியில் வேகவேகமாக இறங்கி மறைந்தாள். கார் கிளம்பிப் போனது.

டேங்க் பாதி நிறைந்திருந்தது. தண்ணீர் தண்ணீரிலேயே விழ ஆரம்பித்ததும் சத்தம் கொஞ்சம் தணிந்தது. சின்னவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கடையின் எண் அவளுக்கு மனப்பாடம். அவமானத்தில் ஒருநாள்கூட அதை அழுத்தியதில்லை. 'உனக்குப் பதிலா ஆள் வந்தாச்சு' என்று அவர்கள் வாயாலும் கேட்க வேண்டுமா என்று இருந்துவிட்டாள்.

பெரியவன் மேலே வந்தான். தங்கையை நேராகப் பார்க்காமல் டேங்கைப் பார்த்தான். பின்னால் வந்த அண்ணியின் முழங்கை வரை மோட்டார் மசி.

"இனிமே நிக்குமா தண்ணி?" என்று கேட்டாள் அண்ணி. சுவரைப் பார்த்து அல்ல, அவளைப் பார்த்து.

"மேல நிக்கும் அண்ணி. ஆனா காலையில மோட்டார் வெத்தாத்தான் உறுமும். கீழ ஃபுட் வால்வைக் கழட்டிச் சுத்தம் பண்ணணும். தேஞ்சிருந்தா மாத்தணும்."

"யாரு இறங்குறது சம்புல?" என்றான் பெரியவன்.

சின்னவள் கையைக் கழுவிக்கொண்டே அவனுடைய வெள்ளைச் சட்டையை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"நான் ஒரு போன் பண்ணிட்டு வரேன். அதுக்குள்ள நீ சட்டையை மாத்திட்டு வந்துடு."